வெளியே சாப்பிட்டது போதும், உள்ளே உட்காருவோம்

(சேமிப்பு பற்றிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். "நம்ம பசங்க கையில நாலு காசு சேர்ந்தா ஓட்டலுக்கு ஓடுறாங்க. காலையில கடை இட்லி, சாயங்காலம் பரோட்டா, வாரம் ரெண்டு தடவை பிரியாணி. இந்தக் காசை மிச்சம் புடிச்சா ஒரு புள்ளையக் காலேஜுல சேர்க்கலாம்" என்றார். நிறையப் பேர் தலையாட்டினீர்கள். வாயைக் கட்டி வயித்தைக் கட்டித் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தவர் அவர். சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும் 'வெளியே சாப்பிடுவது ஊதாரித்தனம்' என்று ஒரே வார்த்தையில் முடித்தாரே, அதை என்னால் அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் பேசுகிறேன்.

முதலில் 'வெளியே' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். வெளியே சாப்பிடுவது நமக்குப் புதுப் பழக்கமா? நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் எங்கே சாப்பிட்டார்கள்? ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் சாப்பிட்டார்கள். வரப்பில் குந்திச் சாப்பிட்டார்கள். பனையோலையைப் பட்டை பிடித்து நீட்டினால் மேலேயிருந்து கூழை ஊற்றுவார்கள். கை படக்கூடாது, பாத்திரம் படக்கூடாது, நிழல்கூடப் படக்கூடாது. கல்யாணம் கருமாதி என்றால் ஊர்த்தெருக்காரன் எல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு, பந்தலுக்கு வெளியே, மிஞ்சினது. டீக்கடை வந்தது. அங்கேயும் பெஞ்சு அவனுக்கு, தரை நமக்கு. கண்ணாடி கிளாஸ் அவனுக்கு, கொட்டாங்குச்சி நமக்கு. பிறகு கொட்டாங்குச்சி போய்த் தனி கிளாஸ் வந்தது. கூரையில் செருகி வைத்திருக்கும் கிளாஸை நாமே எடுத்து, குடித்து, நாமே கழுவி, திரும்பச் செருக வேண்டும். ஆக, தலைமுறை தலைமுறையாக நாம் வெளியேதான் சாப்பிட்டிருக்கிறோம். ஓட்டலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, 'என்ன வேணும்?' என்று இன்னொருத்தர் வந்து கேட்க, இலையிலோ தட்டிலோ வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதுதான் நாம் முதன்முதலாக 'உள்ளே' சாப்பிடுவது.

இதை மறந்துவிட்டு, பரம்பரையாக உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவன் எழுதுகிற சிக்கனப் பாடத்தை நாம் அப்படியே ஒப்பிக்கக் கூடாது. அவனுக்கு ஓட்டல் என்பது வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு சவுகரியம். நமக்கு அது அடி வாங்கி, வழக்குப் போட்டு, சட்டத்தில் எழுதி வாங்கின இடம்.

சட்டத்தில் எழுதி வாங்கினது என்று சும்மா சொல்லவில்லை. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றைப் பயன்படுத்தவும் யாருக்கும் தடை கூடாது என்று. தெருவில் நடப்பதற்கே தீர்மானம் போட வேண்டியிருந்த காலம் அது. அதிலிருந்து கால் நூற்றாண்டு கழித்து அரசியலமைப்புச் சட்டம் வருகிறது. அதன் 15ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அதன் இரண்டாவது உட்பிரிவில் கடைகள், பொது உணவு விடுதிகள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாகச் சொல்லி, சாதி மதத்தைக் காட்டி எவரையும் அங்கே நுழையாமல் தடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் தலைமைச் சட்டத்தில் சாப்பாட்டுக் கடைக்கு என்ன வேலை? பாராளுமன்றம், நீதிமன்றம், ஜனாதிபதி என்று எழுதுகிற புத்தகத்தில் ஓட்டல் எதற்கு வந்தது? வந்ததற்குக் காரணம் நாம்தான். நம்மை வெளியே நிறுத்தின இடங்களின் பட்டியல் அது.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29ஆம் தேதி இதைப் பற்றி விவாதம் நடந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்ற பிரிவும் அதே நாளில்தான் நிறைவேறியது. 'கடை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எதெல்லாம் அடங்கும் என்று கேள்வி வந்தபோது, பாபாசாகேப் அம்பேத்கர் அந்த வார்த்தையை விரிந்த பொருளில்தான் போட்டிருப்பதாக விளக்கினார். காசு வாங்கிக்கொண்டு சேவை செய்கிற எவனும், சலவை செய்பவராகட்டும் முடி வெட்டுபவராகட்டும், அதில் அடக்கம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஒரு வார்த்தை சுருங்கினால் நாளைக்கு ஒரு கதவு சாத்தப்படும் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் அதையே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அதன் நான்காவது பிரிவில் ஓட்டலுக்குள் விடாமல் தடுத்தாலும் குற்றம், அங்கே உள்ள பாத்திரத்தைப் புழங்கவிடாமல் தடுத்தாலும் குற்றம். அதாவது தனி கிளாஸ் வைத்தால் குற்றம். தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை. அந்த ஐந்நூறு ரூபாயை வைத்துக்கொண்டு இன்றைக்கு நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் பட்டணத்து ஓட்டலில் வயிறாரச் சாப்பிட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம மானத்துக்கு வைத்த விலை அவ்வளவுதான். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்து தண்டனைகள் கூடின என்பது உண்மை. ஆனால் டீக்கடைக் கிளாஸுக்காக எத்தனை பேர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று உங்க ஊரில் நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

இங்கே இன்னொன்றையும் பேசியாக வேண்டும். சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் 1957 மே மாதம் தொடங்கி 1958 மார்ச் வரைக்கும் பெரியார் இயக்கத் தோழர்கள் மறியல் செய்தார்கள். பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். கடைசியில் பலகை மாறியது. அந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஒரு சொல்லுக்காகப் பத்து மாதம் தெருவில் நின்றவர்களை மதிக்கிறேன். என் கேள்வி வேறு. பட்டணத்தில் 'பிராமணாள்' போர்டு இறங்கிய பிறகும் கிராமத்து டீக்கடையில் தனி கிளாஸ் எத்தனை வருசம் தொங்கியது? அந்தக் கடைகளை நடத்தியவன் ஐயரா? இல்லை. பிராமணாள் போர்டை எதிர்த்து மேடையில் பேசியவனின் சொந்தக்காரனே ஊரில் நமக்குக் கொட்டாங்குச்சி நீட்டினான். அதை எதிர்த்துப் பத்து மாத மறியல் எத்தனை ஊரில் நடந்தது?

இன்றைக்கும் பலகைகளைப் பாருங்கள். ஐயர் மெஸ் இருக்கிறது. நாடார் மெஸ், கோனார் மெஸ் இருக்கிறது. செட்டிநாடு, கொங்குநாடு என்று ஊர்ப் பெயருக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் ருசியின் பெயர் என்றே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் பறையர் மெஸ் எங்கே? அருந்ததியர் மெஸ் எங்கே? நம்ம வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு ருசி இல்லையா? நம்ம அம்மா வைக்கிற கறிக்குழம்புக்கு மணம் இல்லையா? அப்புறம் இந்த 'உயர்தர சைவம்'. உயர்தரம் என்றால் எண்ணெய் உயர்ந்ததா, அரிசி உயர்ந்ததா? சமைக்கிறவனும் சாப்பிடுகிறவனும் உயர்ந்தவன் என்பதைத்தானே அந்த வார்த்தை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது? நாம் சாப்பிடுவதற்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லை. 'அசைவம்' என்கிறார்கள். சைவம் இல்லாதது எதுவோ அது நாம்.

காசு இருந்தால் சாதி போய்விடும், ஓட்டலில் எல்லோரும் சமம் என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் முழு உண்மை இல்லை. டீக்கடைக்காரன் நம்மிடம் காசு வாங்காமலா கொட்டாங்குச்சியில் கொடுத்தான்? ஒரே காசு, வேற கிளாஸ். கன்ஷியாம் ஷாவும் மற்ற ஆய்வாளர்களும் பதினொரு மாநிலங்களில் 565 கிராமங்களில் விசாரித்து 2006இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சாப்பாட்டுக் கடை, டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனிப் பாத்திரம் இருந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. இப்போது வடிவம் மாறிவிட்டது. சில ஊர்களில் அவனுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குக் காகிதக் கப். கேட்டால் 'சுகாதாரம்' என்பான். 'உள்ள எடம் இல்ல, பார்சல் வாங்கிக்க' என்பான். பார்சலும் ஒரு தனி கிளாஸ்தான் தோழர்களே. உட்கார விடாததற்கு இன்றைக்கு வைத்திருக்கிற பெயர் அது.

சரி, வரலாறு இருக்கட்டும், வயிற்றுக்கு வருவோம். அண்ணன் கேட்டது வீட்டுச் செலவைப் பற்றி. 'வீட்டில் சமைத்தால் மலிவு' என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கைப் பொம்பளைங்க பக்கத்திலிருந்து ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.

ஒரு சித்தாள் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. சமைத்துவிட்டுப் போக வேண்டுமானால் நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், ஆக்க வேண்டும், கழுவ வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம். அதற்குப் பதிலாகத் தெருமுனைத் தள்ளுவண்டியில் எட்டு இட்லி வாங்கினால், ஒரு இட்லி பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், எண்பது ரூபாய். அதையே வீட்டில் செய்தால் அரிசி, உளுந்து, மாவு அரைப்பது, கேஸ், சட்னி எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் முப்பத்தைந்து ரூபாய். அந்த முப்பத்தைந்து ரூபாய்க்காக அந்த அக்கா இரண்டு மணி நேரத் தூக்கத்தைக் கொடுக்கிறாள். அவள் கூலி நாளுக்கு அறுநூறு என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு எழுபத்தைந்து, இரண்டு மணிக்கு நூற்றைம்பது. நூற்றைம்பது ரூபாய் உழைப்பைக் கொட்டி முப்பத்தைந்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறோம். இதுக்குப் பேர் சிக்கனமா? வீட்டுச் சாப்பாடு மலிவாகத் தெரிவதற்குக் காரணம் ஒன்றுதான். அதில் பொம்பளை உழைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை.

ஆண்டை நம்ம உழைப்புக்கு விலை போடாமல் கூழ் ஊற்றினான். நாம் நம்ம வீட்டில் அதையே செய்கிறோம். 2024இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் சராசரியாக நாளுக்கு 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்கள்? அதே வேலையில் ஈடுபடுகிறவர்கள் மட்டும் 88 நிமிடம். ஈடுபடாதவர்கள் கணக்கிலேயே இல்லை. வெளியே சாப்பிடக் கூடாது என்று தீர்மானம் போடுகிற தோழர், நாளையிலிருந்து காலை நாலரைக்கு எழுந்து நான் அடுப்பு மூட்டுகிறேன் என்று சேர்த்துத் தீர்மானம் போட்டால் நானும் கையைத் தூக்குகிறேன்.

அந்த எண்பது ரூபாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். தள்ளுவண்டி வைத்திருப்பது யார்? பெரும்பாலும் நம்ம தெருவிலேயே இன்னொரு பொம்பளை. புருசன் இல்லாமலோ, இருந்தும் இல்லாமலோ, இட்லி அவித்துப் பிள்ளைகளைக் கரையேற்றுகிறவள். அவள் வண்டியில் நாலு இட்லி வாங்கினால் காசு நம்ம தெருவுக்குள்ளேயே சுற்றுகிறது. 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். அங்கே போய் வரிசையில் நின்றவர்களை ஊதாரி என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. ஏன்? உழைக்கிற ஆளுக்கு வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் சூடான சோறு வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதுவும் வெளியே சாப்பிடுவதுதான்.

இன்னும் ஒரு கணக்கு. 2023இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி விடுதி மாணவருக்கு உணவுப்படியை மாதம் 1,400 ரூபாயாகவும், கல்லூரி விடுதிக்கு 1,500 ரூபாயாகவும் உயர்த்தியது. அதற்கு முன்னால் இன்னும் குறைவு. 1,400ஐ முப்பதால் வகுத்துப் பாருங்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு 47 ரூபாய்கூட இல்லை. படிக்கிற வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பதினாறு ரூபாய் போடுகிற சமூகத்தில், அந்தப் பிள்ளை சனிக்கிழமை ராத்திரி கடைக்குப் போய் ஒரு முட்டை பரோட்டா சாப்பிட்டால் நாம் 'ஊதாரி' என்கிறோம். ஊதாரி அவனா? அவன் தட்டைக் காலியாக வைத்தவனைக் கேட்க வேண்டிய கேள்வியை அவனிடம் கேட்கிறோம்.

இவ்வளவும் சொன்னதால், கையில் இருப்பதை எல்லாம் ஓட்டலில் கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிற பக்கத்தையும் பேசுகிறேன். நம்ம ஆம்பளைங்க கோபப்படாமல் கேட்க வேண்டும்.

நம்ம தெருவில் வெளியே சாப்பிடுவது யார்? முக்கால்வாசி வீட்டில் ஆம்பளை மட்டும்தான். வேலை முடிந்து கூலி வாங்கி, கடையில் ஒரு குவாட்டர், பக்கத்திலேயே பரோட்டா, சால்னா, ஆம்லெட், கொஞ்சம் கறி வறுவல். அவர் வயிறு நிறைந்து வீட்டுக்கு வரும்போது பெண்டாட்டி பிள்ளைங்க ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்திருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. இதை நான் உரிமை என்று சொல்ல மாட்டேன். இது ஊதாரித்தனம் மட்டும் இல்லை, அநியாயம். ஆண்டை வீட்டில் ஆண்டை சாப்பிட்ட பிறகு மிச்சம் நமக்கு வந்தது. நம்ம வீட்டில் ஆம்பளை சாப்பிட்ட பிறகு மிச்சம் பொம்பளைக்கு வருகிறது. வரிசை மாறவில்லை.

ஆகவே எது செலவு, எது ஊதாரித்தனம் என்று பார்க்க மூன்று கேள்வி கேட்போம்.

முதல் கேள்வி, யார் சாப்பிடுகிறார்கள்? வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து போகிறார்களா, ஒருத்தர் மட்டுமா? பொம்பளைப் பிள்ளைக்கும் நாற்காலி உண்டா? வயசான ஆத்தா போனதுண்டா?

இரண்டாவது, எந்தக் காசு? சம்பாதித்த காசா, வட்டிக்கு வாங்கின காசா? வாரத் தவணைக்காரன் திங்கட்கிழமை வாசலில் வந்து உட்காருவான் என்று தெரிந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கினால் அந்தச் சோறு தொண்டையில் நிற்கும். அதே சமயம் இன்னொன்றும் சொல்கிறேன். காது குத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பிளெக்ஸ் பேனர் வைத்து, பந்தல் போட்டு, ஊர்த்தெருக்காரன் மாதிரியே செய்ய வேண்டும் என்று கந்து வட்டிக்கு வாங்குகிறோமே, ஒரே நாளில் போகிற அந்தப் பணத்தில் வருசம் பூராவும் மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடலாம். அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இட்லிக்காரியின் எட்டு இட்லியை மட்டும் ஏன் எண்ணுகிறோம்?

மூன்றாவது, எந்தக் கடை? நம்மை உட்கார வைத்துப் பரிமாறுகிற கடையா, முகத்தைப் பார்த்ததும் 'பார்சலா?' என்று கேட்கிற கடையா? அங்கே எச்சில் தட்டுக் கழுவுகிறவர் யார், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் யார்? பல ஓட்டல்களுக்குள் நம்ம பிள்ளைங்க முதலில் நுழைந்தது சாப்பிட இல்லை, மேசை துடைக்க. பதினாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஓட்டலில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடையே 2006 அக்டோபரில்தான் வந்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்புறம் காசைக் கொடுப்போம்.

கடை என்றதும் இன்னொரு விசயம். நம்ம ஆளுங்க காலங்காலமாகத் தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட கடை ஒன்று உண்டென்றால் அது பீப் கடைதான். சாயங்காலம் ஆனதும் வடசென்னைத் தெருக்களில் பக்கோடா, சுக்கா, பிரியாணி. மலிவு, சத்து, பக்கத்தில் உட்காருகிறவன் சாதி கேட்க மாட்டான். அந்தச் சாப்பாட்டை அரசாங்கத் திருவிழாவில் வைக்க மட்டும் இடம் இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. 2024 மார்ச்சில் சொமேட்டோ கம்பெனி சுத்த சைவக்காரர்களுக்கு என்று தனி ஆட்கள், தனிப் பெட்டி, தனிப் பச்சைச் சட்டை என்று அறிவித்தது. கண்டனம் கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையை மட்டும் வாபஸ் வாங்கியது. டீக்கடைக் கூரையில் செருகியிருந்த தனி கிளாஸ் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தது, அவ்வளவுதான்.

நாம் போய் அவன் கடையில் சாப்பிடுவது ஒரு பாதி. நாம் சமைத்ததை அவன் சாப்பிடுவானா என்பது மறு பாதி. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்ததற்கு ஆதிக்க சாதிக்காரர்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். அதிகாரிகள் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வழக்குப் பதிவானது. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், தலித் பெண் சமைக்கிற காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர்கள் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அரசாங்கம் இலவசமாகப் போடுகிற சோற்றையே வேண்டாம் என்று சொல்ல வைக்கிறது சாதி. ஆகவே ஓட்டலில் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் ஏமாற மாட்டேன். சமபந்தி மட்டும் சாதியை ஒழிக்காது, சாதி மறுப்புத் திருமணம்தான் மெய்யான மருந்து என்று 'சாதி ஒழிப்பு' நூலில் பாபாசாகேப் 1936லேயே எழுதிவிட்டார். கோயிலில் சுதந்திர தினத்துக்குச் சமபந்தி போடுகிறார்கள். வருசத்தில் ஒருநாள், அதிகாரிகள் புகைப்படத்துக்கு உட்காருகிறார்கள். மறுநாள் டீக்கடையில் பழைய நிலைமை.

அப்படியானால் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீங்கள் பேசி முடிவெடுங்கள்.

சேமிப்புக் குழு தொடங்குவோம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குழுவின் விதியில் 'ஓட்டலில் சாப்பிடக் கூடாது' என்று எழுத வேண்டாம். 'மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு சாப்பிடுவது நியாயமான செலவு' என்று எழுதுவோம். அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்குவோம். அன்றைக்கு வீட்டு அடுப்புக்கு லீவு. பொம்பளைங்களும் பிள்ளைங்களும் முதலில் உட்காரட்டும்.

நம்ம ஊர் டீக்கடைகளைப் பட்டியல் எடுப்போம். எங்கே பெஞ்சில் உட்கார முடியவில்லை, எங்கே காகிதக் கப் நமக்கு மட்டும் வருகிறது என்று தேதி போட்டு எழுதி வைப்போம். ஒருத்தர் தனியாகப் போய்க் கேட்டால் அடி விழும். பத்துப் பேராகப் போய் உட்காருவோம். தடுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுப்போம். சட்டம் இருக்கிறது. நாம் எடுக்காமல் அது தானாக நடக்காது.

நம்ம பெண்கள் குழுவாகச் சேர்ந்து சாப்பாட்டுக் கடை போடட்டும். பெயரை ஒளிக்க வேண்டாம். நம்ம குழம்பு, நம்ம கருவாடு, நம்ம கறி என்று போர்டு வைப்போம். முதலில் நம்ம ஆட்கள்தான் வருவார்கள். வரட்டும். மற்றவர்கள் வருகிற நாளில் வரட்டும்.

விடுதிப் பிள்ளைகளின் உணவுப்படியை உயர்த்தச் சொல்லி இந்தக் கூட்டத்திலேயே ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்குவோம். பிள்ளை பரோட்டாக் கடைக்கு ஓடக் கூடாது என்றால், முதலில் விடுதியில் அவன் தட்டில் முட்டையும் கறியும் விழட்டும்.

அண்ணனுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள் அண்ணே, கேட்கிறோம். சாராயத்தில் மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள், வட்டியில் மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள், வீண் சடங்கில் மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். நம்ம பாட்டிக்குக் கிடைக்காத நாற்காலியில் நம்ம பெண் உட்கார்ந்து ஒரு தோசை கேட்கிறாள் என்றால், அதில் மட்டும் மிச்சம் பிடிக்கச் சொல்லாதீர்கள்.